அழைப்பின்றி நுழைய முடியாத இசைப் பகிர்வுக் குழுவில் சேர விரும்புகிறேன். அழைப்பை விலைக்கு வாங்கலாமா?

மந்தைவெளி_செவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னை மந்தைவெளியில் வசிக்கிறேன். வங்கி ஒன்றில் பணிபுரிகிறேன். என் அப்பா 1978 முதல் 1991 வரை வானொலியிலிருந்தும், மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துச் சபாக்களிலும் பதிவு செய்த 140 கேசட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு கேசட்டின் உள்ளட்டையிலும் பாடகர், பக்கவாத்தியம், ராகம், தேதி ஆகியவற்றை மசிப்பேனாவால் எழுதி, எந்தக் கிருதியின் நடுவில் நாடா தீர்ந்துபோனதோ அந்தக் கிருதிக்கு எதிரே ஒரு சிறிய குறுக்குக்கோடு போட்டிருக்கிறார். அந்தக் குறுக்குக்கோடுகளுக்கு அப்பால் இருப்பதைத் தேடித்தான் நான் இந்தக் குழுக்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

பழைய பதிவுகளைத் தரம் குன்றாமல் ஃப்ளாக் கோப்புகளாகச் சேமித்துப் பகிரும் குழுக்கள் உள்ளன என்றும், ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் அழைத்தாலன்றி அவற்றுக்குள் செல்ல இயலாது என்றும் அறிந்தேன். அத்தகைய பெரிய குழு ஒன்றின் அழைப்பை 2,500 ரூபாய்க்குத் தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். பணத்தை யுபிஐ மூலம் முன்கூட்டியே அனுப்ப வேண்டுமாம்.

இதற்கிடையே, சில நாள்கள் மட்டும் சேர்க்கையைத் திறந்துவைத்திருந்த சிறிய குழு ஒன்றில் நானாகவே சேர்ந்தேன். ஆர்வ மிகுதியில் முதல் வாரத்திலேயே 38 ஜிபி பதிவிறக்கிவிட்டேன், பதிவேற்றம் 1.9 ஜிபியைத் தாண்டவில்லை. வீட்டில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கணினியும் இரவு முழுவதும் அணையாமல் ஓடுகிறது. இருந்தும் பதிவிறக்கியதற்கு எதிரே பதிவேற்றியதைக் கணக்கிடும் என் விகிதம் 0.05-ஐ விட்டு நகரவில்லை. 14 நாள்களுக்குள் அதை 0.4-க்கு உயர்த்தாவிட்டால் பதிவிறக்கும் உரிமை போய்விடும் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது.

அழைப்பை வாங்குவது சரியா, நேர்காணல் வழியாகச் சேரலாம் என்கிறார்களே அதில் என்ன கேட்பார்கள், என் பதிவேற்றம் ஏன் அசையவில்லை, அப்பாவின் நாடாக்களை நான் பகிர்வது சட்டப்படி தவறாகுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒலிநாடா எழுதியது:

ஐயா, முதலில் அந்த டெலிகிராம் நபருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பணம் வாங்கியவர் காணாமல் போவது ஒரு புறம் இருக்கட்டும். அவர் சொன்னபடியே அழைப்பை அனுப்பிவிட்டால்தான் உங்களுக்கு உண்மையான நட்டம் தொடங்குகிறது. இந்தக் குழுக்கள் ஒவ்வொன்றும் யார் யாரை அழைத்தார் என்பதை ஒரு வம்சாவளிபோலப் பதிந்து வைத்திருக்கின்றன. அழைப்பு விற்பவரின் கணக்கு என்றேனும் ஒருநாள் பிடிபடும்போது, அவர் அழைத்தவர்கள், அவர்கள் அழைத்தவர்கள் என்று அந்தக் கிளை முழுவதையும் வெட்டிவிடுவார்கள். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே கணக்குதான் என்பது பெரும்பாலான குழுக்களின் விதி. ஆகவே அப்படி வெட்டுப்பட்ட பிறகு நேர்மையான வழியில் திரும்பி வரலாம் என்று நினைத்தாலும் கதவு மூடியே இருக்கும்.

இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கு அவர்கள்மேல் கோபம் வராது. பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டொரண்ட் முறையில் கோப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைத்து வழங்கும் சர்வர் கிடையாது. கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் அதை வைத்திருக்கும் உறுப்பினரிடமிருந்து கேட்பவருக்குச் செல்கிறது. யாரிடம் எது இருக்கிறது என்று சொல்லும் வேலையை மட்டும் ட்ராக்கர் செய்கிறது. பொதுவெளியில் என்ன நடக்கிறது என்றால், தமக்கு வேண்டியதை இறக்கி முடித்தவுடன் எல்லோரும் வெளியேறிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வருபவருக்கு 97 விழுக்காட்டில் கோப்பு நின்றுவிடுகிறது. எடுத்தவர் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும், பொறுப்பேற்கும் ஒருவர் அழைத்தால்தான் நுழையலாம் என்ற நிபந்தனையும் அந்த நோய்க்கு மருந்தாகவே வந்தன. உறுப்பினர் எண்ணிக்கை குறைவாக இருந்தும், பத்து ஆண்டுகளுக்கு முன் ஏற்றப்பட்ட அரிய இசைத்தட்டு ஒன்று இன்றும் முழு வேகத்தில் இறங்குவதற்கு அந்த இரண்டு நிபந்தனைகளே காரணம்.

நேர்காணலைப் பற்றிக் கேட்டீர்கள். இசைக் குழுக்களில் இந்த வழக்கத்தைப் பரவலாக அறியச் செய்தது 2007 முதல் 2016 வரை இயங்கிய வாட்.சிடி. அறிமுகமானவர் எவரும் இல்லாதவர்களும் உள்ளே வர அது ஒரு நேரிய வாசல். ஐஆர்சி அரட்டை அறையில் வரிசையில் நின்று, நேர்காணல் செய்பவர் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே விடை தட்டச்சிட வேண்டும். இன்றும் இசைக் குழுக்களில் அதே முறை தொடர்கிறது. நேர்காணல் செய்பவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் என்பதால் நம் ஊரில் நள்ளிரவு தாண்டிய பிறகுதான் வரிசை நகரும். நான் நங்கநல்லூர் வீட்டுக் கூடத்தில் இரண்டு இரவுகள் விழித்திருந்தேன். முதல் இரவில் என் முறை வந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது, இரண்டாம் இரவில் விடியற்காலை மூன்றரை மணிக்கு அழைத்தார்கள். வீட்டு இணைப்பிலிருந்துதான் பேச வேண்டும், நம் உண்மையான முகவரியை மறைக்கும் விபிஎன் கூடாது, குறிப்புகளைப் பார்த்து எழுதக் கூடாது என்பவற்றில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. விடைகள் இணையத்தில் கிடைக்கின்றன என்பதால் மனப்பாடம் செய்து போகிறவர்கள் உண்டு. ஒரு கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டால் அவர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள்.

கேள்விகளின் உயிர் ஒன்றுதான்: ஒலித்தரம் குறைந்த கோப்பை உயர்ந்த தரம் என்று நம்பி ஏற்றிவிடாமல் இருக்க உங்களுக்குத் தெரியுமா? எம்பி3 வடிவில் ஒருமுறை சுருக்கியபோது இழந்த ஒலி, அதை மீண்டும் ஃப்ளாக்காக மாற்றினாலும் திரும்பி வராது. கோப்பு பெரிதாகுமே தவிர உள்ளிருப்பது அதே பழைய எம்பி3தான். இதை ட்ரான்ஸ்கோட் என்பார்கள். அதை ஏற்றுவது குழுவில் பெருங்குற்றம். கண்டுபிடிக்கும் வழியை நீங்கள் கையால் செய்து பார்த்துப் பழக வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒரு கோப்பைத் திறந்து அலைமாலைக் காட்சிக்கு மாற்றுங்கள். கீழே கனத்த ஒலிகளும் மேலே கூர்மையான ஒலிகளும் வண்ணங்களாகத் தெரியும். குறுந்தட்டிலிருந்து நேராக எடுத்த ஃப்ளாக்கில் அந்த வண்ணம் ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போகும். 128 கேபிபிஎஸ் எம்பி3-இலிருந்து வந்ததாக இருந்தால் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் முடிந்து, அதற்குமேல் வெறும் கருப்பு இருக்கும். 320 கேபிபிஎஸ் என்றால் அந்த வெட்டு 20 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும்.

இதில் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மீடியம் வேவ் வானொலியிலிருந்து எடுத்த நாடாவில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருக்காது. சென்னையில் பண்பலை ஒலிபரப்பு 1977-இலேயே தொடங்கிவிட்டது என்பதால் அப்பா பண்பலையிலிருந்து எடுத்தவையும் இருக்கலாம். அவற்றில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்கும், அதற்கு மேல் இருக்க வழியில்லை. குறுந்தட்டுகளை மட்டுமே பார்த்துப் பழகிய மேற்பார்வையாளர் இதைப் பார்த்தவுடன் ட்ரான்ஸ்கோட் என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே பதிவு எங்கிருந்து எந்தக் கருவியில் நாடாவுக்குப் போனது, நாடாவிலிருந்து எந்தக் கருவி வழியாகக் கணினிக்கு வந்தது என்ற வரலாற்றை ஒவ்வொரு கோப்போடும் எழுதி இணைப்பது உங்கள் கடமை. அப்பாவின் உள்ளட்டையைப் படமெடுத்துச் சேர்த்தால் அதைவிட நல்ல சான்று இல்லை.

இன்னும் ஒன்று. பதிவிறக்கத்தைத் தொடங்க நீங்கள் முதலில் இறக்கும் சிறிய டொரண்ட் கோப்புக்குள் உங்கள் கணக்குக்கு மட்டுமே உரிய பாஸ்கீ என்ற இரகசிய எண் பொதிந்திருக்கும். அந்தக் கோப்பை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவர் இறக்குவதெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும், கணக்கும் போகும். நல்லெண்ணத்தால் இதைச் செய்து வெளியேற்றப்பட்டவர்களை நான் அறிவேன்.

கம்பிவழி எழுதியது:

பதிவேற்றம் அசையாதது பற்றி மட்டும் எழுதுகிறேன். வலையமைப்புப் பணியில் இருப்பதால் இது எனக்குப் பழகிய தொல்லை. கணினியின் மீது குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற முகவரி என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் வீட்டுக்கென்று பொதுமுகவரி தரப்படவில்லை என்று பொருள். ஐபிவி4 என்ற இணைய முகவரி முறையில் உலகம் முழுமைக்கும் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள்ளன. அவை எப்போதோ தீர்ந்துவிட்டதால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வரிசைப்படுத்தி நிறுத்துகின்றன. அதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்வரிசைதான் மேலே சொன்னது.

இன்கமிங் துண்டிக்கப்பட்ட தொலைபேசியை எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே அழைக்கலாம், ஆகவே பதிவிறக்கம் தடையின்றி நடக்கிறது. உங்களிடம் உள்ள துண்டைக் கேட்டு வேறொருவர் அழைத்தால் மணி அடிக்காது. எதிரில் இருப்பவருடையதும் அப்படியே இன்கமிங் இல்லாத இணைப்பு என்றால் இருவரும் ஒருவரையொருவர் எட்டவே முடியாது. சிறிய குழுவில் ஒரு கோப்பைத் தேடி வருபவர்கள் மூன்று நான்கு பேர்தான். அவர்களும் உங்களை எட்ட முடியாதபோது இரவெல்லாம் கணினி விழித்திருந்து பயனில்லை.

நிறுவனத்திடம் நிலையான பொதுமுகவரி கேளுங்கள். மாதக் கட்டணம் கூடுதலாக ஆகும், ஆனால் இதற்கு நேரான தீர்வு அதுவே. வாடிக்கையாளர் சேவையில் முதலில் எடுப்பவருக்கு இந்தச் சொல்லே விளங்காமல் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார். என் வீட்டுக்கு வாங்கியபோது நான் ஐந்து முறை அழைத்து, ஐந்து புகார் எண்களை வாங்கிக்கொண்டு, ஆறாவது முறை தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றும்படி வற்புறுத்திய பிறகே வேலை முடிந்தது. முகவரி கிடைத்ததும் டொரண்ட் மென்பொருளில் 49152-க்கு மேற்பட்ட ஏதேனும் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாயிலைத் தேர்ந்து, அதே எண்ணை ரவுட்டரில் உங்கள் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். 6881 முதல் 6889 வரையிலான பழைய எண்களைப் பல குழுக்கள் ஏற்பதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: விபிஎன் வழியாகவும் போர்ட் திறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், உங்கள் குழு விபிஎன்னை அனுமதிக்கிறதா என்று விதிப் பக்கத்தில் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள்.

மந்தைவெளி_செவி எழுதியது:

ரவுட்டரில் பார்த்தேன், முகவரி 100.72 என்றுதான் தொடங்குகிறது. இத்தனை நாள் கணினியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நாளை காலை நிறுவனத்தை அழைக்கிறேன். டெலிகிராம் நபரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே விலையை 1,200 ரூபாயாகக் குறைத்தார், பிறகு என்னைத் தடுத்துவிட்டார்.

அடையாறு_வழக்காடி எழுதியது:

சட்டம் பற்றிய கேள்விக்கு எவரும் விடை தரவில்லை என்பதால் எழுதுகிறேன். உயர் நீதிமன்றத்தில் வழக்காடுபவள். பதிப்புரிமை வழக்குகளில் பழக்கமுண்டு.

டொரண்ட் முறையில் பதிவிறக்குபவர் தம் கையில் உள்ள துண்டுகளை அதே கணத்தில் பிறருக்கும் வழங்குகிறார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் ஓரளவு இடமளிக்கிறது. ஆனால் முன்பின் அறியாத பலருக்கு வழங்குவதைத் தனிப்பட்ட பயன்பாடு என்று சொல்லி நிற்க முடியாது. குழு மூடியது, அழைப்பின்றி எவரும் வருவதில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. தெரிந்தே உரிமையை மீறினால் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. இங்கிலாந்தில் அழைப்பின் பேரில் இயங்கிய ஓயிங்க் என்ற இசைப் பகிர்வுக் குழுவை 2007 அக்டோபரில் காவல்துறை மூடியது. அதை நடத்திய ஆலன் எல்லிஸ் 2010 ஜனவரியில் விடுதலை பெற்றார் என்றாலும், இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் வழக்கைச் சுமந்தார். மூடிய கதவு அவரைக் காப்பாற்றவில்லை. ஆகவே அண்மைக் காலத்துத் திரைப்படமும் பாடலும் புழங்கும் குழுக்களைப் பற்றி என் கருத்து ஒரே சொல்லில் அடங்கும்: வேண்டாம்.

பழைய இசை அப்படிப்பட்டதன்று. அங்கே ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஓர் ஒலிப்பதிவின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். 1960-இல் வெளிவந்த இசைத்தட்டின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் அந்தத் தட்டில் பாடப்பட்ட பாடலுக்கு வேறு கணக்கு உண்டு. அங்கே இயற்றியவர் மறைந்த ஆண்டை வைத்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். தியாகராஜர் 1847-இல் சித்தியடைந்தார், அவருடைய கிருதிகளில் சிக்கல் இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். எனவே அவருடைய பாடல்கள் 2033 முடிய உரிமைக்கு உட்பட்டவை. ஒரே தட்டின் ஒரு பக்கம் உரிமையிலிருந்து விடுபட்டும் மறுபக்கம் விடுபடாமலும் இருக்கக்கூடும் என்பதை நண்பர்கள் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் அப்பாவின் வானொலி நாடாக்களுக்கு மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. ஒலிபரப்பியவரின் உரிமை 25 ஆண்டுகள்தான். 1985-ஆம் ஆண்டு ஒலிபரப்பைப் பொறுத்தவரை அது 2010-இல் முடிந்துவிட்டது. ஆனால் பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று இருக்கிறது; அதன் காலம் 50 ஆண்டுகள். அந்த உரிமை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே சட்டத்துக்குள் வந்தது என்பதால், அதற்கு முந்தைய கச்சேரிகளுக்கு அது பொருந்துமா என்று வாதாட இடமுண்டு. வாதாடும் நிலைக்கே போக வேண்டாம் என்பது என் அறிவுரை. நாடாக்களை உங்களுக்காக எண்ணிமமாக்கிப் பாதுகாப்பதில் தயங்க வேண்டியதில்லை. பகிர்வதற்கு முன் அந்தக் கலைஞரின் குடும்பத்தாரைக் கண்டு கேளுங்கள். நம் ஊரில் அது நடக்காத காரியம் இல்லை. மயிலாப்பூரில் இரண்டு தெரு தள்ளி அவர்களே இருப்பார்கள். தங்களிடமே இல்லாத கச்சேரி ஒன்று திரும்பக் கிடைப்பதில் மகிழாத குடும்பத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. சம்மதம் தந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணி_நூலகி எழுதியது:

ஒலிநாடா அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. மூடிய குழுக்கள் நன்றாகப் பாதுகாக்கின்றன என்பது அவை உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் உண்மை. வாட்.சிடி 2016 நவம்பரில் மூடப்பட்டபோது, உறுப்பினர்களின் பாதுகாப்புக்காகத் தரவு அனைத்தையும் நிர்வாகிகளே அழித்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டொரண்டுகளுக்கு உறுப்பினர்கள் பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியல், எந்தத் தட்டின் எந்தப் பதிப்பு எப்படிப்பட்டது என்ற குறிப்புகள் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போயின. ஒலிக்கோப்புகள் ஆளாளுக்குச் சிதறித் தங்கள் கணினிகளில் இருந்தன. அவற்றை இணைத்துச் சொல்லும் நூல் அறுந்துவிட்டது. பட்டியலாக்கம் செய்பவள் என்ற முறையில் எனக்கு அது நூலகம் ஒன்று எரிந்ததற்கு நிகர்.

ஆகவே உரிமைச் சிக்கல் இல்லாதவற்றைத் திறந்த இடத்திலும் வையுங்கள் என்பது என் வேண்டுகோள். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் 2012 முதல் தன் பொருள்களை டொரண்டாகவும் வழங்குகிறது. அங்கே அழைப்பும் வேண்டாம், விகிதக் கணக்கும் இல்லை. பதிவு செய்ய இசைவு தந்த இசைக்குழுக்களின் நேரடிக் கச்சேரிகளை 2002 முதல் அங்கே சேர்த்து வருகிறார்கள். அனுமதியோடு பகிரும் அந்தப் பழக்கம் நம் கச்சேரிகளுக்கும் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும்தான் 1994-இல் ஆய்வாளர்களுக்கான நூலகமாயின. 140 கேசட்டுகளுக்கு உள்ளட்டை எழுதிய உங்கள் அப்பாவும் அதே இனத்தவர்.

ஒலிநாடா எழுதியது:

அம்மையார் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வாட்.சிடி மூடிய இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் எழுதிய 60 குறிப்புகளில் ஒன்றுக்குக்கூட என்னிடம் படி இல்லை. அன்றிலிருந்து எதை ஏற்றினாலும் அதன் விவரத்தை உரைக்கோப்பாக அதே உறைக்குள் வைத்துவிடுகிறேன்.

மந்தைவெளி நண்பருக்கு விகிதம் பற்றி: 38 ஜிபிக்கு 0.4 என்றால் மொத்தம் 15.2 ஜிபி பதிவேற்ற வேண்டும், இன்னும் 13.3 ஜிபி தேவை. பயப்படும் அளவு இல்லை. புதிதாக எதையும் இறக்காதீர்கள். ஃப்ரீலீச் என்று குறியிட்டவை மட்டும் விதிவிலக்கு. அவற்றின் பதிவிறக்கம் கணக்கில் சேராது, பதிவேற்றம் சேரும். அன்றன்று ஏறியவற்றில் அப்படிப்பட்டதைத் தேர்ந்து முதல் ஆளாகச் சேர்ந்தால் பின்னால் வருபவர்கள் உங்களிடம் கேட்பார்கள். இறக்கியவற்றைக் குறைந்தது 72 மணி நேரம் விடாமல் வைத்திருக்க வேண்டும் என்ற விதி உங்கள் குழுவிலும் இருக்கக்கூடும். நான் அந்த 72 மணியோடு நிறுத்துவதில்லை, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறேன். நிர்வாகிக்கு நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதுங்கள், பொதுமுகவரிக்கு விண்ணப்பித்த புகார் எண்ணோடு எழுதுங்கள். அவர்களும் மனிதர்களே.

மந்தைவெளி_செவி எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். பொதுமுகவரி ஒன்பதாம் நாள் கிடைத்தது. போர்ட்டைத் திறந்த அன்று இரவே 4 ஜிபி போனது. நிர்வாகி ஒரு வாரம் கூடுதல் அவகாசம் தந்தார். இப்போது விகிதம் 0.71. பெரிய குழுவின் நேர்காணலுக்கு நான் இன்னும் போகவில்லை. அலைமாலையைப் பார்த்துச் சொல்லும் பயிற்சி எனக்கு இன்னும் கைவரவில்லை என்பதால் அவசரப்பட மனம் வரவில்லை.

கேசட்டுகளில் 11 முடிந்திருக்கின்றன. ரிச்சி தெருவில் டெக்கின் பெல்ட்டை மாற்றி வாங்கினேன். கடல்காற்றில் சில நாடாக்களில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். வழக்காடி அம்மையார் சொன்னபடி ஒரு பாடகரின் மகளைச் சந்தித்தேன். 1984-ஆம் ஆண்டு வானொலிக் கச்சேரியை அவருக்குப் போட்டுக் காட்டியபோது, தோடி ஆலாபனை முடியும் முன்பே பேச்சை நிறுத்திவிட்டார். கிருதியின் சரணத்தில் நாடா தீர்ந்து டக்கென்று நின்றதும், எழுந்து உள்ளே போய், உறவினர் ஒருவர் அதே ஒலிபரப்பைப் பதிவு செய்து தந்த கேசட்டைக் கொண்டுவந்தார். அதில் தொடக்கம் இல்லை. அனுபல்லவியிலிருந்து மங்களம் வரை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து முழுக் கச்சேரியாகப் பகிர எழுத்தில் சம்மதமும் தந்திருக்கிறார்.

ஆனால் இரண்டையும் ஒட்டும்போது சுருதி சேரவில்லை. அவருடைய கேசட் சற்றே ஏறிப் பாடுகிறது. எந்த டெக் வேகமாக ஓடியது என்பதை எப்படித் தீர்மானிப்பது? நாடாவில் கேட்கும் மின்சார இரைச்சலை 50 ஹெர்ட்ஸாக வைத்துத் திருத்தலாம் என்று ஓர் இடத்தில் படித்தேன்.

ஒலிநாடா எழுதியது:

அந்த இரைச்சலை மட்டும் நம்பாதீர்கள். 1980-களில் நம் பக்கத்து மின்தொகுப்பில் அலைவெண் 50-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். அதை அப்படியே 50 என்று கொண்டால் நீங்கள் பாடகரின் சுருதியைத் தேவையின்றி ஏற்றிவிடுவீர்கள். தவிர, உங்கள் வீட்டு டெக்கின் இரைச்சலும் அதோடு கலந்து கேட்கும். டெக்கை நிறுத்திவைத்த நிலையில் ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். அதில் தெரியும் கோடு இன்றைய மின்சாரம், நாடா ஓடும்போது கூடுதலாகத் தோன்றும் கோடுதான் அன்றையது.

இரண்டு கேசட்டிலும் பொதுவாக உள்ள பகுதியைத் தனியே வெட்டி எடுங்கள். அனுபல்லவியின் முதல் தாளத் தட்டிலிருந்து அப்பாவின் நாடா நிற்கும் இடம் வரை இரண்டிலும் எத்தனை விநாடிகள் என்று அளந்தால், வேக வித்தியாசம் துல்லியமாகக் கிடைத்துவிடும். எந்த டெக் சரி என்பதற்கு அந்த மகளிடமே அவருடைய அப்பா எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுவார் என்று கேளுங்கள். தம்புராவை அதற்குச் சேர்த்துவைத்துக்கொண்டு இரண்டு நாடாக்களையும் ஒப்பிட்டு, திருத்தியதைத் தனிக் கோப்பாகவும், திருத்தாத இரண்டு மூலங்களை அப்படியேயும் வைத்திருங்கள். ஒட்டிய இடம் எந்த நிமிடத்தில் வருகிறது என்பதை உரைக்கோப்பில் எழுத மறக்காதீர்கள்.